வாங்கப் பழகுகிறோம்: ஓசூர்க் குறிப்புகள்

சம்பள வாரம்

ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்தில் ஏழாம் தேதிக்குள், அதற்கு மேற்பட்ட இடத்தில் பத்தாம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும் என்று 1936ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஓசூர் கடைவீதி இன்றும் அந்த இரண்டு தேதிகளைச் சுற்றியே நடக்கிறது. மாதக் கடைசியில் ஈ ஓட்டும் கடைகளில் எட்டாம் தேதி மாலை நிற்க இடமிருக்காது.

பாகலூர் சாலையில் ஒரு செல்போன் கடை. எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ஒருத்தி போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

“அண்ணா, இது மாசம் எவ்ளோ வரும்?”

“முன்பணமே வேணாம்மா. ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் இருந்தா போதும்.”

விலை என்ன என்று அவள் கேட்கவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. நிதி நிறுவனத்தின் பனியன் போட்ட பையன் அவளை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தான், ஓடிபி கேட்டான். சற்று நேரத்தில் போன் அவள் கையில். தவணை அடுத்த மாதம்தான்.

இதை அவளுடைய பொறுப்பின்மை என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது தவறாகப் படுகிறது. மகிழ்ச்சி இந்த நிமிடமே, வலி முப்பது நாள் கழித்து என்று வரிசைப்படுத்தப்பட்ட ஒரு மேசைக்கு முன்னால் எந்த உயிரும் அப்படித்தான் நடந்துகொள்ளும். அந்த வரிசையை அவள் உண்டாக்கவில்லை.


இரண்டு பாதை

இப்படிப் பழகுவதை விளக்கும் உளவியல் சொற்கள் பி.எட். படித்தவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: தூண்டல், துலங்கல், வலுவூட்டல்.

ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்தவர். 1904இல் நோபல் பரிசு வாங்கியதும் அதற்காகத்தான். உணவு வாய்க்கு வருமுன்பே, அதைக் கொண்டுவரும் ஆளின் காலடி கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்தார். உணவுக்குச் சற்று முன் ஒரு தாள ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால், பிறகு ஒலி மட்டுமே எச்சிலை வரவழைக்கிறது. நாய் எதையும் செய்ய வேண்டியதில்லை. இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தால் போதும்.

அமெரிக்காவின் ஸ்கின்னர் காட்டியது வேறு. எலி நெம்புகோலை அழுத்துகிறது, தீனி விழுகிறது, மறுபடி அழுத்துகிறது. இங்கே உயிர் ஏதாவது செய்தாக வேண்டும். செய்ததன் விளைவு, அடுத்த முறை செய்வதைத் தீர்மானிக்கிறது. வலுவூட்டல் என்பது இதுதான்.

கடைவீதிக்குப் பொருத்தினால்: விளம்பரம் நம்மைக் கடை வாசல் வரை கொண்டுவருவது முதல் பாதை. வாங்கிய பிறகு மறுபடி வரச்செய்வது இரண்டாம் பாதை. இரண்டுக்கும் நடுவில் பொருள் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா? இந்தக் குறிப்புகள் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.


ஆய்வுக்கூடத்திலிருந்து விளம்பரத்துக்கு

இந்த உளவியலும் வணிகமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளவில்லை. உளவியலாளர் ஜான் வாட்சன் 1920இல் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து, எலியைக் கண்டாலே அழும்படி பழக்கினார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. அதே ஆண்டு, வேறு காரணத்தால், அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டு விலக நேர்ந்தது. பிறகு அவர் சேர்ந்த இடம் ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனம். வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ள நியூயார்க்கின் மேசிஸ் கடையில் விற்பனையாளராகவும் நின்றார். 1924இல் அதே நிறுவனத்தின் துணைத்தலைவர். குழந்தைக்குப் பயத்தைப் பழக்கிய கை, பெரியவர்களுக்கு ஆசையைப் பழக்கப் போயிற்று.


ஓசூரின் இசை

நம் ஊரிலேயே இதற்கு ஓர் அசலான உதாரணம் இருக்கிறது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகார ஆலை ஓசூரில் அமைந்தது. பொறுப்பில் இருந்தவர் ஜெர்க்ஸஸ் தேசாய். விளம்பரத்தைச் செய்த ஓகில்வி நிறுவனம் எடுத்துக்கொண்ட இசை மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனி, முதல் பகுதி. 1773இல், பதினேழு வயதில் மொசார்ட் எழுதியது.

சால்ஸ்பர்க் எங்கே, ஓசூர் எங்கே. மொசார்ட் யார் என்று தெரியாத லட்சக்கணக்கான வீடுகளில் அந்த இசை கேட்டதும் ஒரு கடிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. கடிகாரம் மட்டும் இல்லை. யாரோ யாருக்கோ பரிசு கொடுக்கிறார்கள், ஒரு முகம் மலர்கிறது: அந்தக் காட்சியும் சேர்ந்து வந்தது. மணி பார்க்கும் கருவியாக இருந்ததைப் பாசத்தின் அடையாளமாக மாற்றியது அந்த இணைப்பு. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கும், வேலையில் சேர்ந்த தம்பிக்கும், மாப்பிள்ளைக்கும் ‘ஒரு வாட்ச் எடுத்துக் கொடுத்துரலாம்’ என்பது குடும்பப் பேச்சாகிவிட்டது.

அது தூர்தர்ஷன் காலம். ஊர் முழுக்கப் பார்ப்பது ஒரே அலைவரிசை. ஒலியும் காட்சியும் தவறாமல், திரும்பத் திரும்ப, அடுத்தடுத்து வர வேண்டும் என்ற பாவ்லோவின் நிபந்தனைக்கு அதைவிடப் பொருத்தமான சூழல் அமைந்திருக்காது.

ஆனால் இசை மட்டுமே அந்தப் பெயரைக் காப்பாற்றியிருக்க முடியாது. கட்டிய கடிகாரம் மூன்று மாதத்தில் நின்றிருந்தால், அதே இசை எரிச்சலோடு இணைந்திருக்கும். ஓடியது, அதனால் அடுத்த கல்யாணத்துக்கும் அதையே வாங்கினார்கள். முதல் பாதை அழைத்து வந்தது, இரண்டாம் பாதை நிலைநிறுத்தியது. ஓசூர்க்காரர்கள் பெருமைப்பட வேண்டியது அந்த இசைக்காக மட்டும் அல்ல. ஆலைக்குள் குனிந்து அமர்ந்து நுண்ணிய உதிரிகளைப் பொருத்திய விரல்களுக்காக.


பேனாக்களும் நம் சங்கீதமும்

1982இல் ஜெரால்ட் கோர்ன் என்ற ஆய்வாளர் கனடாவில் ஒரு சோதனை நடத்தினார். மாணவர்களுக்கு ஒரு பேனாவின் படம். பின்னணியில் சிலருக்கு ‘கிரீஸ்’ என்ற அமெரிக்கப் படத்தின் இசை, சிலருக்கு இந்தியச் செவ்வியல் இசை. பேனாவின் நிறம் வெளிர்நீலம் அல்லது மங்கல் பழுப்பு. கடைசியில் ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிடித்த இசையோடு பார்த்த நிறத்தையே எடுத்தவர்கள் 79 சதவீதம். பிடிக்காத இசை என்றால் 30 சதவீதம் மட்டுமே.

அங்கே ‘பிடிக்காத இசை’ நம்முடையது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. மார்கழி விடியலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அதே இசை கல்யாணத்தையும் கோயிலையும் கொண்டுவரும். எது இனிமை என்பதே பாதி பழகிக் கொண்டது. ஆகவே நம்மை இழுக்க விரும்புபவர் முதலில் நம் வளர்ப்பைப் படிக்கிறார்.

இன்னும் இரண்டு செய்திகள். 1989இல் கெல்லாரிஸ், காக்ஸ் என்ற இருவர் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. கோர்னின் இரண்டாவது சோதனையிலோ, ‘நீங்கள் ஒரு முடிவெடுக்கப் போகிறீர்கள்’ என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் இசையை விட்டுப் பேனாவைப் பற்றிய தகவலின் பக்கம் சாய்ந்தார்கள். யோசிக்க இடம் கிடைத்தால் இணைப்பின் பிடி தளர்கிறது. கடைகள் அவசரத்தை ஏன் அவ்வளவு நேசிக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ‘இன்று மட்டும்.’ ‘இரண்டே பீஸ்தான் இருக்கு.’


பிப்ரவரி 14க்காக டிசம்பரில் கவாத்து

ஓசூரின் மேட்டு நிலக் குளிர்ச்சி ரோஜாவுக்கு ஏற்றது. பசுமைக்குடில்களில் ‘தாஜ்மஹால்’ என்ற சிவப்பு ரகம். காதலர் தினத்துக்குப் பூ வேண்டும் என்றால் ஏறத்தாழ 45 நாள் முன்பே, டிசம்பர் கடைசியில் செடியைக் கவாத்து செய்துவிட வேண்டும். அப்போதுதான் பிப்ரவரி முதல் வாரத்தில் மொட்டு ஒரே சீராகத் திரளும். முந்திக்கொண்டு விரியப் பார்க்கும் மொட்டுக்கு வலைத்தொப்பி மாட்டுகிறார்கள். பிறகு வெட்டு, தரம் பிரிப்பு, குளிர் அறை, பெங்களூரு விமான நிலையம்.

ஒரு தேதிக்கும் ஒரு நிறத்துக்கும் மனித மனத்தில் ஏற்பட்ட இணைப்பு, அந்தத் தேதியை வீட்டில் கொண்டாடியே இராத ஒரு தொழிலாளியின் டிசம்பர் மாத வேலையைத் தீர்மானிக்கிறது. அட்சய திருதியைக்குத் தங்கம் என்பதும் நம் கண் முன்னால், கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் நகைக்கடை விளம்பரங்கள் வளர்த்த வழக்கம். நம் பாட்டிமார் அந்த நாளில் கடையில் வரிசை கட்டவில்லை.


இணைப்பு யாருக்குச் சொந்தம்?

ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இன்னொரு முகம் மா. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் ரகம் மாவட்டத்தின் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. பாட்டிலிலும் அட்டைப்பெட்டியிலும் வரும் மாம்பழப் பானங்களுக்குப் பெரும்பாலும் இந்த ரகக் கூழ்தான். பழச்சாறு பானம் என்று விற்க, பழம் குறைந்தது 10 சதவீதம் இருந்தால் போதும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி.

கோடைக்கால விளம்பரத்தில் பொன்னிறச் சாறு சொட்டும்போது நமக்கு ஊறும் எச்சில், பாவ்லோவின் நாய்க்கு ஊறிய அதே எச்சில். ஆனால் அந்த ஊறல் பெயரோடு இணைக்கப்பட்டிருக்கிறது, பழத்தோடு அல்ல. அதனால்தான் பானம் விற்றுக்கொண்டே இருக்கும்போதும் விவசாயியின் காய்க்கு விலை விழ முடிகிறது. 2025 பருவத்தில் பெங்களூராவின் விலை சரிந்து, பறிக்கும் கூலிகூடக் கட்டவில்லை என்ற குரல் கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் ஒன்றாக எழுந்தது. ஆசையைப் பழக்கியவருக்கே அந்த ஆசை சொந்தமாகிறது. பழத்தை விளைவித்தவருக்கு அதில் பங்கு எழுதப்படவில்லை.


நகைச்சீட்டு

மாதாமாதம் கட்டு, கடைசியில் கடை ஒரு தொகை சேர்த்துத் தரும், நகையாக எடுத்துக்கொள். நம் பெண்களுக்கு இதைவிட நெருக்கமான வலுவூட்டல் திட்டம் வேறு இல்லை. 2014இல் வந்த வைப்புத்தொகை விதிகளின்படி முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்தாக வேண்டும்; சீட்டுகள் பதினொரு மாதத்துக்குள் அடங்குவதற்கு அதுவே காரணம்.

முடிவு நெருங்க நெருங்கக் கால் வேகமாக நடக்கும். 2006இல் நூனெஸ், டிரேஸ் என்ற இருவர் ஒரு கார் கழுவும் நிலையத்தில் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு எட்டு முத்திரை வேண்டிய வெற்று அட்டை. சிலருக்குப் பத்து முத்திரை வேண்டிய அட்டை, அதில் இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்டது. இருவருக்கும் பாக்கி எட்டுதான். முதல் குழுவில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டாவதில் 34 சதவீதம். ‘கொஞ்ச தூரம் வந்துட்டோம்’ என்ற உணர்வை இலவசமாகக் கொடுத்தால், மீதியை நாமே நடந்துவிடுகிறோம்.

நகைச்சீட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடைசியில் கையில் தங்கம் இருக்கிறது. ஆனால் எந்தத் தங்கம் என்று கேட்கவும் பழக வேண்டும். தலைமுறைப் பழக்கத்தில் ‘நம்ம ஆசாரி, நம்ம கடை’ என்று நம்பிக் கொண்டிருந்ததை 1999இல் டைட்டனின் தனிஷ்க் கடைகளில் வைத்த கேரட்மீட்டர் உலுக்கியது. நகையை உருக்காமல், உரசாமல் தரம் காட்டும் கருவி. 22 கேரட் என்று வாங்கிய பல நகைகள் அவ்வளவு இல்லை என்று அப்போது பலருக்குத் தெரிந்தது. நம்பிக்கை பழக்கத்தால் வந்தது. உண்மை அளந்த பிறகே வந்தது.


கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி

தண்டனையும் தப்பித்தலும் எப்படிப் பழக்குகின்றன என்று பார்க்க 44ஆம் தேசிய நெடுஞ்சாலைக்குப் போனால் போதும். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது. அப்போது, அது இல்லாத வண்டிக்கு இரு மடங்கு கட்டணம். ஒட்டினால் நீண்ட வரிசையிலிருந்து விடுதலை. எந்தப் பிரசாரமும் சாதிக்காததை இந்த இரண்டும் சேர்ந்து சாதித்தன.

கூடவே இன்னொன்றும் நடந்தது. சில்லறை எண்ணிக் கொடுத்தபோது இருந்த சுருக்கென்ற உணர்வு போய்விட்டது. எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரு லாரி ஓட்டுநரிடம் கேட்டால், “மெசேஜ் வரும் சார், பார்க்கிறதில்ல” என்கிறார். வலி மறைந்த இடத்தில் கணக்கும் மறைகிறது.


எல்லைக்கு அந்தப் பக்கம்

ஸ்கின்னரின் கண்டுபிடிப்புகளில் கடைத்தெருவை அதிகம் மாற்றியது இது: ஒவ்வொரு முறையும் தீனி கொடுத்தால் புறா நிதானமாகக் கொத்தும். எத்தனையாவது கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாமல் வைத்தால் ஓயாமல் கொத்தும். தீனியை அடியோடு நிறுத்தினாலும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். 1957இல் பெர்ஸ்டரும் ஸ்கின்னரும் இதைத் தடித்த புத்தகமாகவே வெளியிட்டார்கள்.

லாட்டரி அதன் மனித வடிவம். 1968இல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு பரிசுச்சீட்டு வந்தபோது, ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது முழக்கம். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அது தோல்விக்கும் ஒரு சிறு வெகுமதி வைத்துவிட்டது. சீட்டு விழாதவனும் ஏதோ கொடுத்தோம் என்ற திருப்தியோடு அடுத்த சீட்டை வாங்கலாம்.

2003 ஜனவரியில் தமிழ்நாடு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. கர்நாடகம் தடை செய்தது 2007இல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகள், எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியில் குற்றமானது, கூப்பிடு தூரத்தில் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் வியாபாரமாக இருந்தது. சட்டம் சோதனைச்சாவடியில் நின்றுவிடுகிறது. பழக்கத்துக்கு அந்த எல்லை தெரியாது.


கைபேசிக்குள்

இன்று அத்திப்பள்ளி வரை போக வேண்டியதில்லை. 2017இல் கூகுளின் பணம் செலுத்தும் செயலி வந்தபோதே பரிசுக்காகச் சுரண்டிப் பார்க்கும் அட்டையும் கூட வந்தது. டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு ஓர் இளைஞர் திரையைக் கட்டைவிரலால் சுரண்டுகிறார். பல நாள் ஒன்றும் இல்லை. ஒரு நாள் ஏழு ரூபாய். அந்த ஏழு ரூபாயை நண்பரிடம் காட்டுகிறார். எப்போது விழும் என்று தெரியாததுதான் அவரைச் சுரண்ட வைக்கிறது.

இதில் பெரிய தீங்கு இல்லை. டீ குடித்தார், டீக்குக் காசு கொடுத்தார். தீங்கு, அதே விரல் அசைவு ரம்மிச் செயலிக்குப் பழகிப்போகும்போது. அங்கே டீ இல்லை. கடிகாரம் இல்லை, தங்கம் இல்லை, ரோஜாகூட இல்லை. வாசல் வரை அழைக்கும் இசையும், விட்டுப் போகவிடாத வெகுமதியும் இருக்கின்றன. நடுவில் பொருள் கிடையாது. விளம்பரத்துக்கும் சூதாட்டத்துக்கும் இடையில் நான் போடும் கோடு இதுதான். பொருள் உள்ள இடத்தில், பொருள் கெட்டால் வாடிக்கையாளர் பழக்கத்தை உதறுவார். பொருளே இல்லாத இடத்தில் உதறுவதற்குக் காரணமே தோன்றாது, கடன்தான் தோன்றும்.

அதனால் 2022இல் தமிழ்நாடு கொண்டுவந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தையும், 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்த மத்தியச் சட்டத்தையும் தனிமனிதச் சுதந்திரத்தில் தலையீடு என்று என்னால் பார்க்க முடியவில்லை. ஓயாமல் கொத்தும்படி அமைக்கப்பட்ட பெட்டிக்குள் புறாவின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாக இராது.


ஒரு தாள்

தவணைக் கடனுக்கு இப்போது ஒரு பாதுகாப்பு இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் தரும் வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஓசூரில் அது தமிழாகவோ தெலுங்காகவோ கன்னடமாகவோ, விடுதிகளில் ஹிந்தியாகவோ ஒடியாவாகவோ இருக்கலாம்.

தாளை வாங்கி மொத்தத் தொகையைப் படிக்க ஆகும் சில நிமிடங்கள்தான் யோசிக்கக் கிடைக்கும் இடம். தொழிற்சங்கங்களும் விடுதிக் காப்பாளர்களும் ‘சேமியுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, இந்தத் தாளைக் கேட்டு வாங்கச் சொல்லிக் கொடுத்தால் பயன் அதிகம்.


திரும்பி வருவது

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கம். அவர் 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதற்குள்தான் இருந்தன. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரி போட்டது. ஒரு பழக்கத்தை நிறுத்த அரசு அவ்வளவு பெரிய விலை கொடுக்க முன்வந்தது நம் மாவட்டத்தில் நடந்த வரலாறு.

தடை எவ்வளவு தேவையோ, அதற்குப் பிறகான பொறுமையும் அவ்வளவு தேவை. பாவ்லோவ் இதையும் பதிவு செய்திருக்கிறார்: ஒலி கேட்கும், உணவு வராது என்று பலமுறை செய்தால் எச்சில் ஊறுவது நின்றுபோகும். சிறிது நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி ஒலித்தால், தானாகத் திரும்பி வரும். பழகியது அழிவதில்லை, அடங்கியிருக்கிறது.

ஆகவே ரம்மிச் செயலியை நீக்கிவிட்டுச் சம்பள நாளில் மறுபடி ஏற்றிக்கொண்ட இளைஞரை ‘திருந்தாதவன்’ என்று வீடு தள்ளிவைக்கக் கூடாது. திரும்பி வருவது பழக்கத்தின் இயல்பு. அதற்கு எதிராக மன உறுதியை மட்டும் நம்பச் சொல்வது அவரைத் தனியாக விடுவது. தூண்டலை அகற்றுவதில் கூட இருப்பவர்கள் உதவ முடியும்: அறிவிப்பு ஒலியை நிறுத்துவது, சம்பளக் கணக்கைக் கைபேசியோடு இணைக்காமல் வைப்பது, எட்டாம் தேதி மாலை அவரைத் தனியாக விடாமல் உடன் போவது. இரண்டாவது முறை விழுந்தாலும் மூன்றாவது முறை உடன் போவது.